மாத்தளைக்கு ஒரு சரி

ஏழாம் ஆண்டில் சமூகக் கல்வி என்றால் எங்களுக்கு முக்கால்வாசியும் படம் வரைகிற வேலைதான். புத்தகத்தில் இருக்கும் இலங்கைப் படத்தின் மேல் தாளை வைத்துக் கோடு இழுக்க வேண்டும். அதற்கென்று கடையில் விற்கிற மெல்லிய தாள் வாங்க வழியில்லாதவர்கள் கொப்பியில் ஓர் ஒற்றையைக் கிழித்துத் தேங்காய் எண்ணெய் தடவுவோம். எண்ணெய் ஊறியதும் அடியில் இருக்கிற கோடு மங்கலாகத் தெரியும். வகுப்பு முழுக்கத் தலைக்கு எண்ணெய் வைத்த வாசனை அடிக்கும். யாழ்ப்பாணப் பக்கம் வரும்போது எல்லாருக்கும் கை தடுமாறும். தீவும் களப்புமாக அந்த இடம் படுத்துகிற பாடு அப்படி. கீழே வர வர லேசு.

கோடு முடிந்ததும் சேர் கரும்பலகையில் இடங்களை எழுதிப்போடுவார். தம்பபண்ணி, அனுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, யாப்பகுவ, தம்பதெனிய, குருநாகல், கம்பளை, கோட்டை, கண்டி. புள்ளி வைத்துப் பெயர் எழுதி, கடலுக்கு நீலப் பென்சில் தீட்டி மறுநாள் கொண்டுபோக வேண்டும். எங்கள் லயம் இருந்த மலைக்கு அதில் புள்ளி கிடையாது. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ராஜா இருந்த ஊருக்குத்தானே புள்ளி.

நாங்கள் மஸ்கெலியாப் பக்கம். டவுண் என்று நான் அறிந்தது புது டவுண். பழையது மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடந்தது. 1969-இல் அணை கட்டி முடித்தபோது கடைவீதியோடு ஊரே தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வெயில் காலத்தில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றுக்கு மேலே தெரியும். பார்க்கிறதற்கென்று ஆட்கள் வருவார்கள். அந்த நீர்த்தேக்கத்தின் கரையோரமாகவே நடந்து பள்ளிக்கூடம் போய், கலாவாவியை வெட்டிய ராஜா யார், பராக்கிரம சமுத்திரத்தைக் கட்டிய ராஜா யார் என்று மனப்பாடம் செய்வோம். புத்தகத்தில் இருந்த குளம் எல்லாம் ராஜாக்கள் கட்டியவை. மின்சாரத்துக்காகக் கட்டியதற்குப் பாடத்தில் இடமில்லை.

ஒரு ராத்திரி இஸ்தோப்பில் குப்பிலாம்பை வைத்துக்கொண்டு நான் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். அப்பாயி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, மாங்கா படம் போடுற?"

"இது நம்ம நாடு அப்பாயி. சிலோனு."

"இம்புட்டுத்தானா?" என்று கிட்ட வந்தாள். "மன்னாரு எங்க இருக்கு?"

காட்டினேன்.

"மாத்தளை?"

சேர் கொடுத்த பட்டியலில் மாத்தளை இல்லை. புத்தகத்தைப் புரட்டி, கண்டிக்குச் சற்று மேலே இங்கே என்றேன். அப்பாயி சுட்டுவிரலை மன்னாரில் வைத்தாள். பத்து வயசிலிருந்து கொழுந்து எடுத்த விரல். நகக்கண்ணிலும் வெடிப்புகளுக்குள்ளும் தேயிலைக் கறை கறுத்துப்போய் இருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. விரலை மெல்ல மாத்தளை வரைக்கும் இழுத்தாள். எண்ணெய்த் தாளில் வெற்றிலைச் சுண்ணாம்பு கோடாக விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்குக் காட்ட வேண்டிய படம்.

"எங்க தாத்தா இதுல நடந்து வந்தாரு" என்றாள்.

அவளுடைய தாத்தா துறையூர்ப் பக்கத்துக்காரர். தாது வருஷப் பஞ்சத்தில், 1876-லிருந்து 78 வரைக்கும் தென்னாட்டைப் போட்டு வாட்டியதே, அந்தப் பஞ்சத்தில், கங்காணியோடு கிளம்பியவர். அப்போது அவருக்குப் பத்து வயசு இருக்குமாம். தாயும் கூட வந்தாள். தோணியில் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, அப்புறம் எல்லாம் நடைதான்.

"காடு, புள்ள. காட்டுக்குள்ள குளம். தாகத்துக்கு அதைத்தான் குடிக்கிறது. குடிச்சா வாந்திபேதி. அவுங்க ஆத்தா ஒரு எடத்துல ஒக்காந்துருச்சு. ஏந்திரிக்க முடியல. கங்காணி நிக்க விடல."

"எந்த ஊருல அப்பாயி?"

"ஊரு இருந்தாத்தானே பேரு."

வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. அரிசி விலை சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். ஆத்தாவை விட்டுவிட்டு வந்த பையன் மாத்தளையில் கோப்பித் தோட்டத்துக்குப் போய், பிறகு தேயிலைக்கு மாறி, கலியாணம் கட்டி, அதில் வந்ததுதான் நாங்கள் எல்லாரும்.

அந்தப் பாதை எது என்று பிற்காலத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டேன். மன்னார், முருங்கன், மடு, செட்டிகுளம், மதவாச்சி, மிகிந்தலை, திறப்பனை, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை. கோப்பிக் காலத்தில் வெள்ளைக்காரன் வடபாதை என்று சொன்ன வழி. நூறு மைலுக்கு மேலேயே இருக்கும். காலராவிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் அதில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஒவ்வொரு ஊர்ப் பெயராக வாசிக்கும்போது என்னுடைய பழைய எண்ணெய்த் தாள்தான் கண்ணுக்குள் வந்தது. எங்களைப் புள்ளி வைக்கச் சொன்ன அதே நிலம்தான் அது. மகிந்த தேரர் தேவநம்பியதீசனைச் சந்தித்த மிகிந்தலை அடிவாரத்து வழியாகத்தான் அந்தப் பையன் நடந்திருக்கிறான். நாங்கள் பெயர் பெயராக மனனம் செய்த குளங்கள் உடைந்து காடு மண்டிக் கிடந்த காலத்தில், அந்தப் பக்கத்துத் தண்ணீரைக் குடித்துத்தான் அவனுடைய ஆத்தா போயிருக்கிறாள். புத்தகம் அந்தக் குளத்தங்கரைக்கு எங்களைக் கூட்டிப்போய்விட்டு, வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டது.

மறுநாள் கதைக்கு வருகிறேன். சுண்ணாம்புக் கோட்டை எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தும் முழுக்கப் போகவில்லை. கோபத்தில் மாத்தளைக்கு ஒரு புள்ளி வைத்துப் பெயரும் எழுதிவிட்டேன். சேர் யாழ்ப்பாணத்து மனுஷன். கண்டிப்பு, ஆனால் கை நீட்ட மாட்டார். என் கொப்பியைப் பார்த்து, "மாத்தளை நான் கேக்கேல்லையே" என்றார். நான் பேசாமல் நின்றேன். "ஓ, அலுவிகாரைக்கோ? கெட்டிக்காரி" என்று சிவப்புப் பேனையால் சரி போட்டார். வட்டகாமினி அபய ராஜா காலத்தில் திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டில் எழுதிய விகாரை மாத்தளையில்தான் இருக்கிறது. அந்தப் பாடம் முந்தின தவணையில் முடிந்திருந்தது. அப்பாயியின் தாத்தா நடந்து வந்து சேர்ந்த ஊருக்கு இப்படித்தான் ஒரு சரி கிடைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள், "அந்தச் சாமியும் அங்கதான் இருக்குதா?" என்றாள். மாத்தளை என்றால் அவளுக்கு முத்துமாரியம்மன்.

தேயிலைப் பாடம் அதற்குப் பிறகு ஒரு மழைநாளில் நடந்தது. எங்கள் பக்கத்து மழை வந்தால் தகரக் கூரையில் சேருடைய குரல் எடுபடாது. அதனால் பலகையில் எழுதிப்போட்டார். கோப்பிச் செய்கை, 1869-இல் கோப்பி இலையில் விழுந்த நோய், கோப்பியின் வீழ்ச்சி. ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர, 1867, 19 ஏக்கர். இதை நாங்கள் வாய்ப்பாடு மாதிரிக் கூட்டாகச் சொல்வோம். இன்றைக்கு நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதற்குக் கீழே ஒரு வரி: தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். அடுத்தது றப்பர்.

சன்னலுக்கு வெளியே பார்த்தால் தேயிலைதான். படங்கைச் சுற்றிக்கொண்டு மழையில் நின்று கொழுந்து எடுக்கிறவர்களில் யாருடைய அம்மா எந்த நிரையில் என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லலாம். மழை கொஞ்சம் விட்டபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். படிப்பில் சுமார், கணக்கில் மட்டும் புலி.

"சேர், பத்தொம்பது ஏக்கருக்கு எத்தனை ஆளு சேர்?"

"என்ன?"

"ஏக்கருக்கு ஒரு ஆளு வேணும்னு எங்கம்மா சொல்லும். அப்ப பத்தொம்பது பேரு வரும். அவுங்க பேரு என்ன சேர்?"

வகுப்பு சிரித்தது. சேரும் சிரித்தார். "அது சோதினைக்கு வராது. இரு" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்த புத்தகத்தில் அந்தப் பெயர்கள் இல்லை. இருந்தால் பலகையில் எழுதிப்போட்டிருப்பார், நாங்களும் அதை ராகம் போட்டுச் சொல்லியிருப்போம். ஆனால் அந்தக் கேள்வியை இத்தனை காலம் கழித்தும் என்னால் விட முடியவில்லை. ஒரு செடியை முதலில் நட்டவருடைய பெயர், வருஷம், ஏக்கர் எல்லாவற்றையும் சந்தேகமில்லாமல் அறிந்த பாடம், குழி வெட்டியவர்களுக்கு வந்ததும் ஏன் ஒரே வரியில் மூச்சை முடித்துக்கொள்கிறது?

உண்மையில் எங்கள் வகுப்பில் சரித்திரம் இருந்த இடம் வரவு இடாப்பு. மாதத்துக்கு ஒரு பெயராவது அதில் வெட்டுப்படும். சேர் சிவப்புப் பேனையால் பெயருக்குக் குறுக்கே கோடு இழுத்து, ஓரத்தில் 'இந்தியா' என்று எழுதுவார். அவ்வளவுதான், அடுத்த பெயரைக் கூப்பிடுவார். 1964 ஒக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் பலன் அது. நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை எடுக்கும். மிச்சம் 1,50,000 பேரையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களைக் கேட்டு யாரும் பிரிக்கவில்லை. இந்தக் கணக்கு எதுவும் எங்கள் பாடத்தில் வரவில்லை. இடாப்பில் மட்டும் வந்தது.

என் பக்கத்து இருக்கைக்காரி எனக்கு அக்கா முறை. தாத்தாவின் தம்பியுடைய பேத்தி. அண்ணன் தம்பி இருவரும் ஒரே காலத்தில்தான் மனுப் போட்டார்கள். தாத்தாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது, சின்னத் தாத்தாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. லயத்தில் இரண்டு காம்பரா தள்ளித்தான் அவர்கள் வீடு. ஆட்டையும் கோழியையும் விற்றார்கள். அம்மியைத் தூக்க முடியாது என்று எங்களிடம் விட்டார்கள். ட்ரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் பெயரும் ஊரும் எழுதினார்கள். ஊர் என்ற இடத்தில் எழுத, பிள்ளைகள் யாரும் பார்த்திராத ஒரு கிராமத்தின் பெயரை அப்பாயிதான் ஞாபகப்படுத்திச் சொன்னாள். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி அசைந்ததும் அண்ணனும் தம்பியும் சன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேடை முடிகிற மட்டும் தாத்தா கூடவே ஓடினார். மதவாச்சியில் திரும்பி, செட்டிகுளம், மடு, முருங்கன், மன்னார் என்று போய் தலைமன்னாரில் முடிகிற பாதை. அங்கிருந்து இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம். ஸ்டேசனிலிருந்து வரும்போது அப்பாயி, "வந்த வழியாவே அனுப்புறானுங்க" என்றாள்.

அக்காவின் கடிதம் நாலைந்து மாதம் கழித்து வந்தது. கூடலூருக்கு அப்பால் சேரம்பாடி. அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. சிலோனிலிருந்து போனவர்களுக்கென்றே தமிழ்நாடு அரசு உண்டாக்கிய தோட்டம். அங்கேயும் லயம், அங்கேயும் மழை, அட்டைக்கடியும் அதே மாதிரி. பள்ளிக்கூடத்தில் 'சிலோன்காரி' என்று கூப்பிடுகிறார்களாம். இங்கே டவுணில் அவளைக் கள்ளத்தோணி என்றதற்கு அது எவ்வளவோ தேவலை என்று எழுதியிருந்தாள்.

கடிதத்தின் கடைசியில் ஒரு சேதி. அங்கே சரித்திரத்தில் ராஜராஜ சோழன் நடக்கிறதாம். ஈழத்தை வென்றான், மகன் ராஜேந்திரன் மிச்சத்தையும் பிடித்தான் என்று வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாராம். நாங்கள் அதே பாடத்தை மறுகரையிலிருந்து படித்துக்கொண்டிருந்தோம். சோழர் 993-இல் வந்தார்கள், அனுராதபுரத்தை அழித்தார்கள், 1017-இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனார்கள், அவன் அங்கேயே செத்தான். 1070-இல் முதலாம் விஜயபாகு வந்து அவர்களைத் துரத்தினான். ஒரே சண்டை. அவளுக்கு அது வெற்றி, எனக்கு அது படையெடுப்பு. சோதனையில் அவளும் மார்க் எடுப்பாள், நானும் எடுப்பேன். 'ரெண்டுலயும் நம்ம எந்தப் பக்கம் புள்ள?' என்று கேட்டு எழுதியிருந்தாள். அந்தச் சண்டை நடந்து ஆயிரம் வருஷம் கழித்து, இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி அவளை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றினதுதான் அவளுக்கு நடந்த சரித்திரம். இரண்டு புத்தகத்திலும் அது இல்லை.

நான் அந்தக் கடிதத்தைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சோழனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். தாத்தா முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, சின்னப் பையனாக, மண்டபம் கேம்ப் வழியாக வந்தவர். கழுத்தில் தோட்டத்து நம்பர் குத்தின தகரத்துண்டு கட்டி அனுப்பிய காலம். அந்தத் தகரத்தை அவர் தொலைக்காமல் வைத்திருந்தார். கடைசியில் என் அப்பா அதை வைத்துத்தான் லாம்பு மூடியின் ஓட்டையை அடைத்தார். 1947 தேர்தலில் தாத்தா வரிசையில் நின்று வோட்டுப் போட்டிருக்கிறார். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தலவாக்கலையில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை ஒரு கவிஞர். மறுவருஷம், சுதந்திரம் கிடைத்த அதே 1948-இல், 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த வருஷம் வாக்காளர் இடாப்பிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். 1952-இல் தாத்தா பட்டியலில் பெயர் தேடிப் போனபோது, அவருக்குத் தெரிந்த யாருடைய பெயரும் அதில் இல்லை. எங்களுக்கு டொனமூர் குழு தந்த சர்வஜன வாக்குரிமை பாடத்தில் இருந்தது, வருஷம் 1931, ஆசியாவிலேயே முன்னோடி என்று பெருமையாக. அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடுங்கியது பாடத்தில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் கிடைக்காத சரித்திரம் லயத்தில் துண்டு துண்டாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது, பெரும்பாலும் சாவு வீட்டில். ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும் என்பதற்காகக் கிழவர்கள் கதை எடுப்பார்கள். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று துரைமார் பிடித்துக்கொடுத்த காலத்தில், கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் மூட்டையோடு லயத்துக்குள் வந்து சங்கம் பேசிய கதை. அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்த கதை. முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, 1940 ஜனவரி 10-இல், கோவிந்தன் என்ற தொழிலாளியைப் பொலிஸ் சுட்டுக் கொன்ற கதை. அந்தச் சாவை ஒட்டி எழுந்த தகராறில் கொழும்பில் மந்திரிமாரே பதவி விலகினார்கள் என்று கிழவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது கோவிந்தன். மந்திரிகளைத் தெரிந்தவர்கள் எழுதிய புத்தகத்துக்குக் கோவிந்தனைத் தெரியாது.

கிழவர்கள் சொன்னதையும் அப்படியே தூக்கிப் பாடத்தில் வைத்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கதையில் பெண்கள் அநேகமாக அழுகிறவர்கள்தான். கொழுந்து கூடுதலாக எடுத்தது பெண்கள். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவர்களுக்கு 1984-இல்தான் கிடைத்தது என்பதை எந்தச் சாவு வீட்டிலும் யாரும் எடுத்துப் பேசிக் கேட்டதில்லை. காமன்கூத்துக்குத் தப்படிக்கிறவர் பணிய லயத்தில் இருந்தார். அவர் அடித்தால்தான் ரதி மதன் எழும்ப முடியும். ஆனால் கதை சொல்கிற இடத்தில் அவர் திண்ணைக்குக் கீழே நிற்பார். அவருடைய பாட்டனும் அதே வடபாதையில்தானே வந்திருப்பான். அவரிடம் யாரும் கேட்கவில்லை, நானும் உட்பட. பெரிய புத்தகம் எங்களை விட்டது. நாங்கள் சொன்ன சின்னச் சரித்திரத்திலும் விடுபட்டவர்கள் இருந்தார்கள். இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் மேடையில் மலையகத்தின் பெருமை பேசுகிற தலைவர்களுக்கும் எனக்கும் வித்தியாசமில்லை.

எங்கள் கதி மட்டும் அப்படி என்றும் இல்லை. வேடர்கள் முதல் பாடத்தில் குவேனியோடு வந்து, அத்தோடு காட்டுக்குள் போய்விடுவார்கள். பராக்கிரமபாகு காலத்தில் அவர்கள் என்ன செய்தார்கள், மகாவலித் திட்டத்தில் அவர்கள் காடு என்ன ஆனது, ஒன்றும் தெரியாது. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளிச் சனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாடுகிற மஞ்சா பாட்டைத் தொலைக்காட்சியில் பார்க்கிற வரைக்கும், போர்த்துக்கேயர் காலம் என்று நான் படித்த பாடத்தில் இப்படி ஓர் ஆள்கூட்டம் கப்பலிலிருந்து இறங்கியது என்று எனக்குத் தெரியாது.

2003-இல் சட்டம் வந்து எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. 2023-இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் பழைய பாதையிலேயே ஒரு கூட்டம் நடந்து வந்தது. வழியில் ஊர்க்காரர்கள் தண்ணீர் கொடுத்தார்கள் என்று படித்தபோது, அப்பாயி இருந்திருந்தால் கொதிக்க வைத்த தண்ணீரா என்று கேட்டிருப்பாள். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பராவையே அருங்காட்சியகமாக்கி, கூடையும் தப்பும் பழைய கடதாசிகளும் வைத்திருக்கிறார்கள்.

என் தம்பி மகன் இப்போது ஹட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறான். வரலாறு தனிப்பாடமாகத் திரும்பி வந்துவிட்டது. அவனிடம் பேசத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும். "அத்தை, நாற்பது நிமிஷப் பாடம். சிலபஸ் முடிக்கணும். பரீட்சைக்கு வராததைச் சொல்லிக்கிட்டு இருந்தா அம்மாமாரே வந்து கேப்பாங்க" என்பான். நியாயம்தான். வினாத்தாளில் இரண்டு புள்ளிக்காவது ஒரு கேள்வி வராமல் எந்தப் பாடமும் வகுப்புக்குள் வராது என்பதை நானும் இப்போது ஒத்துக்கொள்கிறேன். பின்னிணைப்பு, சிறப்பு மலர், நினைவு தினம் எல்லாம் பிள்ளைகள் புரட்டாத பக்கங்கள். ஆனால் இதற்குப் புதிதாக ஓர் அத்தியாயம் வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. மிகிந்தலை நடக்கும்போது வடபாதையைச் சொல்லலாம். 1931 நடக்கும்போது 1948-ஐச் சொல்லலாம். லூல்கந்துர நடக்கும்போது முல்லோயாவைச் சொல்லலாம். இரண்டும் ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டங்கள்தான். டெய்லரைப் பார்க்க அவ்வளவு தூரம் போகிற பாடத்துக்குக் கோவிந்தனிடம் போக அதிக நேரம் பிடிக்காது.

போன தவணையில் ஒருநாள் போன் எடுத்தான். தேயிலைப் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டதாம், பாதிப் பாடவேளை மிச்சமாம், வடபாதையைச் சொல்லவா முல்லோயாவைச் சொல்லவா என்று கேட்டான். நான் வடபாதை என்றேன். அவன் முல்லோயாவைத்தான் சொல்லியிருக்கிறான். பொலிஸ் வந்தால்தான் பிள்ளைகள் கேட்பார்களாம். கேட்டிருக்கிறார்கள். முடிந்ததும் ஒரு பெண்பிள்ளை, "அந்தத் தோட்டம் இன்னமும் இருக்கா சேர்? பஸ் போகுமா?" என்றாளாம். கண்டியிலிருந்து ஹேவாஹெட்டைக்குப் பஸ் இருக்கிறது என்று சொல்லப்போய், எப்போது கூட்டிப்போவீர்கள் என்று பிடித்துக்கொண்டார்களாம். அடுத்த தவணைச் சுற்றுலாவுக்கு அதிபரிடம் கையெழுத்து வாங்கிவிட்டான். விண்ணப்பத்தில், ஜேம்ஸ் டெய்லரின் முதலாவது தேயிலைத் தோட்டத்தைப் பார்வையிடல் என்று மட்டும் எழுதியிருக்கிறான். முல்லோயாவைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. பஸ்காரரிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறானாம்.